அழுகுரல் கேட்காத ஓர் அழுகை

ஒரு பழைய படத்தில் ஒரு காட்சி. அப்பா ஊர் திரும்புகிறார். அவர் இல்லாத நேரத்தில் பெரும் புயல் அடித்து ஓய்ந்திருக்கிறது, வீடு பாதி இடிந்து கிடக்கிறது, அதைப் பார்த்து அதிர்ந்தாலும் ஏதோ சம்பாதித்து வந்திருக்கிறோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் இருக்கிறது. மூட்டையைப் பிரித்து, வாங்கி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் நீட்டுகிறார். வீட்டுச் சாமான், சட்டம் போட்ட லட்சுமி படம், அப்புறம் ஒரு சேலை. சேலை மகள் துர்காவுக்கு. துர்கா இறந்துவிட்டது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், மனைவி சர்போஜயாவுக்குத் தெரியும். மகள் போனதிலிருந்து கல்லாகச் சமைந்து கிடந்தவள், அந்தச் சேலையைக் கையில் வாங்கியதும் உடைந்துபோகிறாள்.

வாய் திறந்திருக்கிறது, உடம்பு குலுங்குகிறது, ஆனால் அழுகுரல் கேட்கவில்லை. அது வர வேண்டிய இடத்தில் ஒரு தந்தி வாத்தியத்தின் உச்சஸ்தாயி வருகிறது. தார் ஷெனாய் என்பார்கள். எஸ்ராஜ் என்ற வட இந்தியத் தந்தி வாத்தியத்தில் ஒலியைக் கூட்டிக் கொடுக்க ஒரு குழலைப் பொருத்திய கருவி, வில்லால் இழுத்து வாசிப்பது. ஒரு கணம் அது அவள் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்றே நம் காது நம்பிவிடும். அப்புறம்தான் இது மனிதக் குரல் இல்லை என்று உறைக்கும், உறைக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகிவிடும், ஏனென்றால் அந்தத் தாயின் உண்மையான குரல் எப்படி இருந்திருக்கும் என்று நாமே நமக்குள் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

இது சத்யஜித் ராய் 1955இல் எடுத்த 'பாதேர் பாஞ்சாலி'. இசை ரவிசங்கர். நடித்தவர் கருணா பானர்ஜி. பழைய படங்களில் மனதை விட்டுப் போகாத காட்சிகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் முதலில் போய் நிற்பது இந்த இடத்தில்தான். இது வெறும் சோகக் காட்சி என்பதால் இல்லை, சோகக் காட்சிகள் ஆயிரம் இருக்கின்றன, பார்த்த மறுநாளே மறந்துபோகின்றன. இந்தக் காட்சியில் மிக முக்கியமான ஒன்றை, அந்த அழுகுரலை, ராய் எடுத்துவிட்டார். எடுத்த இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்புகிற வேலை நம்மிடம் வந்து சேர்கிறது. நாமே நிரப்பியது என்பதால் அது நம்முடையதாகிவிடுகிறது, நம்மை விட்டுப் போவதும் இல்லை.

பெரிய காட்சிகளை எனக்குத் தெரிந்தவரை பிரித்துப் பார்த்ததில், திரும்பத் திரும்ப இதுதான் கையில் கிடைக்கிறது. ஆனால் எடுத்துவிட்டால் மட்டும் போதாது. நிரப்புவதற்கு நம்மிடம் சரக்கு இருக்க வேண்டும். அந்தச் சரக்கைக் காட்சி வருவதற்கு முன்பே படம் நமக்குள் போட்டு வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதே இல்லை.

அந்தச் சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் முன்பகுதியில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாசிமாலை காணாமல் போகிறது, துர்காதான் திருடினாள் என்று பழி வருகிறது, அவள் இல்லை என்கிறாள். அவமானம் தாங்காத தாய் மகளை அடித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போய் வீட்டுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். அதே தாய்தான் இப்போது அதே மகளுக்கு வந்த சேலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த அடியைப் பற்றி இந்தக் காட்சியில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, பேசவும் தேவையில்லை. நாம் மறக்கவில்லை, அவளும் மறந்திருக்க மாட்டாள்.

மாலையின் கதை அதோடு முடியவில்லை. குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பும்போது தம்பி அப்பு சாமான்களை எடுத்துக்கொண்டிருக்கையில் ஒரு பழைய கொட்டாங்கச்சி கையில் கிடைக்கிறது, உள்ளே அந்த மாலை. அக்கா எடுத்ததுதான். சின்னப் பையன், என்ன செய்வான்? ஓடிப் போய் அதைக் குளத்தில் வீசுகிறான். தண்ணீர் மேல் படர்ந்திருக்கிற பாசி விலகுகிறது, மாலை உள்ளே போகிறது, விலகிய பாசி மெதுவாகத் திரும்ப வந்து மூடிக்கொள்கிறது. கேமரா அந்தப் பாசியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அக்காவின் ரகசியத்தைத் தம்பி காப்பாற்றிவிட்டான் என்பதைச் சொல்ல ஒரு வசனமும் இல்லை. அந்தக் குளம் மூடிக்கொள்ள எடுத்துக்கொள்கிற சில நொடிகள்தான் எல்லாம்.

இப்போது யாராவது அந்தக் குளத்துக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து 'உலகின் தலைசிறந்த காட்சிகள்' என்று ஒரு கிளிப்பில் போட்டால் என்ன தெரியும்? ஒரு பையன் எதையோ தண்ணீரில் எறிகிறான். அவ்வளவுதான். இப்படி வெட்டித் துண்டாக்கிப் பார்க்கிற பழக்கத்தின் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. இந்தக் காட்சிகளை முதலில் துண்டாகப் பார்த்துவிட்ட ஒருவர், பிறகு முழுப் படத்தைப் பார்க்கும்போது அந்த இடத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார். காத்திருக்கிறவரிடம் காட்சி வேலை செய்வதில்லை.

பார்ப்பவர்தான் பாதி வேலையைச் செய்கிறார் என்பது சினிமாக்காரர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். ரஷ்யாவில் 1920 வாக்கில் லெவ் குலேஷோவ் செய்த சோதனையைப் பற்றிப் படத்தொகுப்பு படிக்கிற எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மொசூகின் என்ற நடிகரின், எந்த உணர்ச்சியும் காட்டாத முகம். அந்த ஒரே ஷாட்டை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினால் பார்ப்பவருக்கு அவர் பசியோடு இருக்கிறார், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கத்தில் இருக்கிறார், ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினால் ஆசையோடு பார்க்கிறார். முகம் மாறவே இல்லை. உணர்ச்சியைக் கொண்டுவந்து வைத்தது பார்த்தவரின் மனம்.

அடுத்து சாப்ளின். 1931இல் 'சிட்டி லைட்ஸ்' வெளிவந்தபோது பேசும் படம் வந்து மூன்று, நான்கு வருடம் ஆகிவிட்டது, எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர் பிடிவாதமாக வசனம் இல்லாத படம் எடுத்தார். கதை நமக்குத் தெரியும்: பார்வையில்லாத பூக்காரப் பெண் ஒரு பிச்சைக்கார நாடோடியைப் பணக்காரன் என்று நினைத்துக்கொள்கிறாள். அந்த 'நினைத்துக்கொள்கிறாள்' என்ற ஒரு வார்த்தையைப் படமாக்குவதில்தான் சாப்ளின் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டார். கண் தெரியாதவளுக்கு, எதிரில் நிற்பவன் பணக்காரன் என்று எப்படித் தோன்றும்? அதையும் வசனமே இல்லாமல் எப்படிச் சொல்வது? பூக்காரியாக நடித்த விர்ஜீனியா செரிலை நடுவில் நிறுத்திவிட்டு வேறு நடிகையை வைத்தும் எடுத்துப் பார்த்தார், பிறகு செரிலையே திரும்ப அழைத்தார்.

கடைசியில் கிடைத்த விடை ஒரு கார்க் கதவு. தெருவைக் கடக்க வழி இல்லாமல், நின்றுகொண்டிருக்கிற ஒரு பெரிய காருக்குள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறான் நாடோடி. கதவு சாத்துகிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது. காரிலிருந்து இறங்குகிறவர் பணக்காரர்தானே? அவன் கையிலிருந்து காசு வாங்கிக்கொண்டு சில்லறை எடுக்கிறாள், அதற்குள் காரின் உண்மையான சொந்தக்காரர் ஏறிக்கொண்டு கதவைச் சாத்த, கார் போய்விடுகிறது. சில்லறை வாங்காமலேயே போய்விட்டார் என்று அவள் நினைக்கிறாள். அவன் சத்தம் காட்டாமல் அங்கேயே நிற்கிறான். நமக்கு அந்தக் கதவுச் சத்தம் கேட்கவே கேட்காது, அவள் முகம் திரும்புவதை வைத்து நாமே கேட்டுக்கொள்கிறோம்.

இதெல்லாம் போட்டு வைத்த சரக்கு. கடைசிக் காட்சி இதைச் செலவழிக்கிறது. அவன் கொடுத்த பணத்தில் அவளுக்குப் பார்வை வந்துவிட்டது, அவள் இப்போது சொந்தப் பூக்கடையில் இருக்கிறாள், சிறையிலிருந்து கிழிந்த உடையோடு வெளியே வந்த அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை, பாவம் என்று ஒரு பூவும் ஒரு காசும் கொடுக்க வெளியே வருகிறாள். அவன் கையைப் பிடித்துக் காசை வைத்து அழுத்துகிறாள். அழுத்திய விரல்கள் நின்றுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் கை மெதுவாக மேலே போய் அவன் கோட்டைத் தடவுகிறது, முன்பு பார்வை இல்லாதபோது பூ செருகிய அதே கோட்டு மடிப்பு. நீங்களா என்கிறாள். தலையாட்டுகிறான். இப்போது பார்க்க முடிகிறதா என்கிறான். முடிகிறது என்கிறாள். அவன் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக இருக்க, திரை இருண்டுவிடுகிறது.

அவள் என்ன முடிவெடுத்தாள்? ஏற்றுக்கொண்டாளா, நன்றி சொல்லி அனுப்பினாளா? சாப்ளின் சொல்லவில்லை. இன்னும் முப்பது நொடி படம் ஓடியிருந்தால் அவளுடைய பதில் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் இந்த முடிவைப் பற்றி இவ்வளவு காலம் யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

'சைக்கோ'வின் குளியலறைக் காட்சியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. 1960. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். ஒரு கொலையை எடுக்க ஏழு நாள் செலவழித்தார், எழுபதுக்கு மேற்பட்ட கேமரா நிலைகள், திரையில் கத்திக் குத்து நீடிப்பது ஏறத்தாழ முக்கால் நிமிடம். அந்த முக்கால் நிமிடத்தில் கத்தி உடலைத் தொடுவதாகத் தோன்றுகிற ஷாட் கண் இமைக்கிற நேரத்துக்கு ஒன்று இருக்கிறது, மற்றபடி கை, வாய், தண்ணீர், திரைச்சீலை, ஓங்குகிற கத்தி, இவைதான். குத்து விழுகிற சத்தம் முலாம்பழத்தைக் குத்தி எடுத்தது. ரத்தம் சாக்லேட் சிரப். படம் கறுப்பு வெள்ளை. ஆனாலும் அந்த ரத்தம் சிவப்பாகத்தான் ஓடியது என்று உறுதியாகச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிவப்பைப் பூசியது அவர்கள்தான்.

ஹிட்ச்காக் அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் அதை மீறி வெறும் தந்தி வாத்தியங்களை வைத்துக் கிறீச்சிடும் அந்த இசையை எழுதிப் போட்டுக் காட்டியதும் மனம் மாறினார். ஆக எடுத்துவிடுவதே எப்போதும் சரி என்று விதி ஒன்றும் இல்லை. எதை எடுப்பது, எதைக் கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கத்தியை எடுத்தார், சத்தத்தைக் கொடுத்தார்.

எனக்கு இந்தக் காட்சியில் கத்தியை விட முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய இரண்டு நிமிடம். கொல்லப்படப் போகிற மேரியன், தான் திருடிய 40,000 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டாள். செலவழித்தது போக மீதி எவ்வளவு என்று ஒரு தாளில் கணக்குப் போடுகிறாள், தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுகிறாள், குளிக்கப் போகிறாள், தண்ணீர் மேலே விழும்போது அவள் முகத்தில் பாரம் இறங்கிய நிம்மதி. பாவத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறவளைக் கொல்கிறார்கள். அதுவும் படம் பாதிகூட முடியாத நேரத்தில், சுவரொட்டியில் பெயர் போட்ட நட்சத்திர நடிகை ஜேனட் லீயை. அடுத்து யாரைப் பிடித்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பது என்று நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

அந்தக் குழப்பத்தை ஹிட்ச்காக் உடனே பயன்படுத்துகிறார். விடுதியை நடத்துகிற நார்மன் வந்து குளியலறையைக் கழுவுகிறான், பொறுமையாக, நீண்ட நேரம், பேச்சே இல்லாமல். உடலைக் காரில் ஏற்றிச் சதுப்பில் தள்ளுகிறான். கார் மூழ்குகிறது, மூழ்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் நம் மூச்சும் நிற்கிறது, ஐயோ மூழ்க வேண்டுமே என்று. நாம் எப்போது அவன் பக்கம் போனோம்? சற்று முன் இறந்தவளுக்காகத் துடித்தது நாம்தானே? பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் தவித்த மனம் கிடைத்தவனைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சத்தமே இல்லாத இந்தக் கார்க் காட்சி, குளியலறைக் காட்சியை விடக் கொடூரமானது என்பது என் எண்ணம்.

சத்தம் என்றதும் 'தி காட்ஃபாதர்' உணவகக் காட்சியும் நினைவுக்கு வருகிறது (1972, எனக்கு அதுவும் பழைய படம்தான்). மாஃபியா குடும்பத்து மகன் மைக்கேல் முதல் தடவையாகக் கொலை செய்யப் போகிறான். எதிரில் உட்கார்ந்திருக்கிற சொலோசோ இத்தாலியனில் பேசுகிறான், கீழே மொழிபெயர்ப்பு எழுத்து வருவதில்லை. வேண்டுமென்றே போடவில்லை. அவன் என்ன பேசுகிறான் என்பது முக்கியம் இல்லை, மைக்கேலுக்கும் அது காதில் ஏறவில்லை. வார்த்தையின் பொருளை எடுத்துவிட்டதும் நம் கவனம் எங்கே போகும்? மைக்கேலாக நடித்த அல் பசீனோவின் கண்களுக்குத்தான் போகும், அவை இங்கும் அங்கும் ஓடுகின்றன. இதற்கு நடுவே ஒரு ரயிலின் கிறீச்சென்ற சத்தம் எழும்பி எழும்பிக் காதை அடைக்கிறது. ரயிலைப் படம் காட்டுவதே இல்லை. ஒலிக்குப் பொறுப்பாக இருந்த வால்டர் மர்ச் அதை மைக்கேலின் தலைக்குள் நடக்கிற சத்தமாக வைத்தார். பின்னணி இசை இல்லை. சுட்டு முடித்து, துப்பாக்கியைக் கீழே போட்ட பிறகுதான் இசை வருகிறது, அதாவது பயந்துகொண்டிருந்த நேரத்தில் என்ன உணர வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, இதற்கு எதிரான காட்சிகளும் உண்டே, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டுகிற காட்சிகள்? உண்டு. ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்' (1925) படத்தில் ஒடெசா படிக்கட்டில் சிப்பாய்கள் வரிசையாக இறங்கிவந்து மக்களைச் சுடுகிற காட்சி மறைப்பதற்கு நேர்எதிர். அங்கே நடப்பது, இருக்கிற நேரத்தை இழுத்துப் பெரிதாக்குவது. அந்தப் படிகளில் இவ்வளவு நேரம் இறங்க முடியாது, குழந்தை வண்டி விளிம்பில் தள்ளாடுகிறது, வெட்டி வேறு முகத்துக்குப் போகிறார், திரும்ப வண்டி, திரும்ப முகம். பயந்த மனதுக்கு நேரம் எப்படி நகருமோ அப்படி நகர்கிறது. ஆனால் அங்கேயும் அந்த வண்டி கடைசியில் என்ன ஆனது, குழந்தை என்ன ஆனது என்று பாருங்கள், கவிழப் போகிற நொடியில் வெட்டிவிடுகிறார்.

நம் சினிமாவில் கொட்டித் தீர்க்கிற காட்சி என்றால் 'பராசக்தி' நீதிமன்றம்தான். 1952, கிருஷ்ணன் பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம். படம் பார்க்காதவர்கள்கூட அந்த வசனத்தைத் தலைகீழாகச் சொல்வார்கள். அதனாலேயே அந்தக் காட்சியை நாம் வெறும் வசனமாக, ஒரு ஒலித்தட்டாக மட்டும் கேட்டுக் கேட்டு, காட்சியாகப் பார்க்க மறந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சிவாஜி நடித்த குணசேகரன் கூண்டில் நின்று சொல்கிற எதுவும் நமக்குப் புதுச் செய்தி இல்லை, தங்கை கல்யாணி பட்டதை எல்லாம் படம் முழுக்க நாம் கூட இருந்து பார்த்துவிட்டோம். அப்படியானால் அது யாருக்காகச் சொல்லப்படுகிறது? கூடப் பிறந்த அண்ணனே ஒரு நீதிபதி. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவன் கூண்டில், ஒருவன் நீதிபதி. தம்பி ஊருக்குச் சொல்வதுபோல் சொல்கிறான். அண்ணா என்ற ஒரு சொல்லால் அழைத்துவிட முடியாத அந்த இடைவெளியில்தான் அவ்வளவு அடுக்குமொழியும் நிற்கிறது. வசனம் நிரம்பி வழிகிறது, ஆனாலும் அதற்குள் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது சிவாஜியை விட்டுவிட்டு, நீதிபதி அண்ணனாக நடித்த சகஸ்ரநாமத்தை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

'காசாபிளாங்கா' (1942) வேறு ஒரு ரகம். மதுக்கடையில் ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள், நாஜி எதிர்ப்பாளன் லாஸ்லோ இசைக்குழுவிடம் போய்ப் பிரெஞ்சுத் தேசியகீதத்தை வாசிக்கச் சொல்கிறான், கடை முழுக்க எழுந்து பாடி அந்தப் பாட்டை அமுக்கிவிடுகிறது. அழுதபடி பாடுகிற ஒரு பெண்ணின் முகம் குளோசப்பில் வரும். மதலேன் லெபோ என்ற அந்த நடிகை நாஜிகளிடமிருந்து தப்பி பிரான்ஸை விட்டு ஓடிவந்தவர், படப்பிடிப்பு நடந்த கோடையில் அவருடைய நாடு உண்மையாகவே ஆக்கிரமிப்பில் இருந்தது. அந்தப் படத்தில் நடித்த பலரும் ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்தவர்கள். போர் எப்படி முடியும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இன்று பார்க்கிற நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

முடிவுகளைப் பற்றிக் கொஞ்சம். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979. மனைவியையும் பிள்ளைகளையும் வதைத்த சுந்தரவடிவேலுவை ஊரே சேர்ந்து ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போகிறது. அவன் கெஞ்சுவதில்லை, எதிர்ப்பதில்லை. இவ்வளவு நாள் நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆற்றில் இறங்குகிறான். பழிவாங்கிய திருப்தியோடு எழுந்து போகலாம் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் கலைந்துவிடுகிறது. அதற்கு மேல் அந்த இரண்டு சின்னப் பிள்ளைகள், தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. தண்டனை கொடுத்த ஊர்க்காரர்களில் நாமும் ஒருவராக நின்றுகொண்டிருந்தோம் என்பது தாமதமாகத்தான் புரியும்.

'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) முடிவிலும் பிள்ளைதான். பிழைப்புக்கு வேண்டிய சைக்கிளைத் திருட்டுக் கொடுத்த அப்பா, நாள் முழுக்கத் தேடி அலைந்து, கடைசியில் தானே ஒன்றைத் திருடப் போய் மாட்டிக்கொள்கிறார், மகன் எதிரிலேயே. கூட்டம் அவரை அறைகிறது. மகன் புரூனோ கீழே விழுந்த அப்பாவின் தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறான். அந்தத் தட்டலைத்தான் நான் சொல்ல வந்தேன். அப்பாவின் மானத்தைத் தன்னால் முடிந்தவரை துடைத்துக் கொடுக்கப் பார்க்கிறது ஒரு குழந்தை. பிறகு இருவரும் கூட்டத்தில் நடக்கிறார்கள், அப்பா அழுகிறார், மகன் கையைப் பிடித்துக்கொள்கிறான், அவ்வளவுதான். அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், கேரி கிராண்ட் நடித்தால் பணம் போடுகிறேன் என்று சொல்லியும் இயக்குநர் டி சிக்கா ஏற்கவில்லை, லம்பெர்தோ மஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியை நடிக்க வைத்தார். அந்த முகம் ஏற்கெனவே வேறு படங்களில் ஜெயித்த முகமாக இருந்திருந்தால், இவர் எப்படியும் மீண்டுவிடுவார் என்று நம் மனதின் ஒரு மூலை நம்பிக்கொண்டே இருந்திருக்கும்.

ஜப்பானிய இயக்குநர் குரசோவாவின் 'இகிரு' (1952) காட்சியைக் கட்டுகிற விதத்தில் இவை எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. முப்பது வருடம் அலுவலகத்தில் முத்திரை குத்திக்கொண்டே உட்கார்ந்திருந்த வதனாபே, தனக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்டுகிற வேலையைக் கையில் எடுக்கிறார். எடுத்தார் என்று தெரிந்ததுமே படம் தாவிவிடுகிறது, அவர் இறந்துவிட்டார், இழவு வீட்டில் சக ஊழியர்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள், படம் முடிய இன்னும் வெகுநேரம் இருக்கிறது. அவர் எப்படிப் போராடினார் என்பதெல்லாம் மற்றவர்களின் அரைகுறை நினைவுகளாகத்தான் வருகிறது. கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து, அன்று இரவு பூங்காவில் அவரைப் பார்த்தேன், வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும், குடித்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன் என்கிறார். அப்போதுதான் நாம் பார்க்கிறோம்: பனி கொட்டுகிறது, வதனாபே ஊஞ்சலில் மெல்ல ஆடிக்கொண்டு ஒரு பழைய பாட்டைப் பாடுகிறார்.

அதே பாட்டை முன்பு ஒரு தடவை பாடியிருக்கிறார், நோய் தெரிந்த புதிதில், ஒரு குடிக்கும் இடத்தில், கண்ணில் நீர் தேங்க, சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு விலகிப் போகிற மாதிரி. பாட்டு மாறவில்லை, குரல்கூட அதே கம்மிய குரல்தான். முதல் தடவை பயம், இரண்டாம் தடவை நிறைவு. ஊஞ்சலில் ஆடுகிறவர் செத்துவிட்டார் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் சாவாரா மாட்டாரா என்ற பதற்றம் துளியும் இல்லை. பதற்றத்தை எடுத்துவிட்டதும், பாட்டைக் கேட்க மட்டுமே மனம் மிஞ்சுகிறது.

அழுகுரலில் தொடங்கினேன், இன்னொரு அழுகுரலையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'லேட் ஸ்ப்ரிங்' (1949) கதை ரொம்பச் சின்னது. மனைவியை இழந்த ஒரு பேராசிரியர், அவரை விட்டுப் போக மனமில்லாமல் கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிற மகள். தானும் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு பொய்யைச் சொல்லி மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறார். கல்யாணக் காட்சி படத்தில் கிடையாது. மாப்பிள்ளையின் முகம்கூட நமக்குக் காட்டப்படுவதில்லை. எல்லாம் முடிந்து அவர் தனியாக வீட்டுக்கு வருகிறார், நாற்காலியில் உட்கார்கிறார், ஓர் ஆப்பிளை எடுத்துத் தோலைச் சீவ ஆரம்பிக்கிறார்.

அந்த இடத்தில் வாய்விட்டுக் கதறி அழ வேண்டும் என்றுதான் ஓசு கேட்டார். நடித்த சிஷு ரியூ, என்னால் அது முடியாது என்று சொல்லிவிட்டார். ஓசு சொன்னதை எல்லாம் அப்படியே செய்கிறவர் அவர், முடியாது என்று சொன்னதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஓசு வற்புறுத்தவில்லை.

ஆகவே திரையில் இருப்பது இதுதான். கத்தி சுற்றிச் சுற்றிப் போகிறது, தோல் அறாமல் ஒரே நாடாவாக நீண்டு தொங்குகிறது. கை நின்றுவிடுகிறது. தோல் கீழே விழுகிறது. தலை மெதுவாக, தூங்கி விழுகிறவர் தலைபோலக் கவிழ்கிறது, முகம் நமக்குத் தெரிவதில்லை. அடுத்த ஷாட்டில் கடல், அலை வந்துகொண்டிருக்கிறது, படம் முடிந்துவிடுகிறது.